முற்றத்தில் ஒரு கடல்: காசுக்குக் கணக்கில்லை என்றால் உப்புத்தண்ணீர்த் தொட்டியை எப்படிக் கட்டலாம்

மெரைன் டேங்க் வைத்திருப்பவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் எப்படியும் அந்தக் கேள்வி வந்துவிடும்: கையில் கணக்கில்லாமல் காசு இருந்தால் வீட்டில் எப்படிப்பட்ட தொட்டி வைப்பாய்? ஒருவர் ஹாலின் ஒரு பக்கச் சுவரையே கண்ணாடியாக்கிவிடுவார், இன்னொருவர் கட்டிலுக்கு மேலே தண்ணீரை ஓடவிடுவார், மூன்றாமவருக்குக் கண்டிப்பாகச் சுறா வேண்டும். நானும் பல வருடம் தரையிலிருந்து கூரை வரைக்குமான கண்ணாடியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது கேட்டால் என் பதில் வேறு. காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளைப் போல நடுவில் முற்றம் வைத்து ஒரு வீடு கட்டி, அந்த முற்றத்தையே கடலாக்கிவிடுவேன். நீளம் 5 மீட்டர், அகலம் 3 மீட்டர், ஆழம் வெறும் 1 மீட்டர். மொத்தம் 15,000 லிட்டர், மேலே வானம். ஏன் இப்படி என்று சொல்லிக்கொண்டே போனால் உப்புத்தண்ணீர்த் தொட்டி எப்படி உயிரோடு இருக்கிறது என்பதும் அதிலேயே வந்துவிடும்.

ஆழத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பணக்காரத் தொட்டிகள் வழக்கமாகத் தப்புப் பண்ணுவது அங்கேதான். தண்ணீர் கண்ணாடியைத் தள்ளும் விசைக்கும் தொட்டியில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்பதற்கும் சம்பந்தமில்லை, உயரம்தான் கணக்கு. 3 மீட்டர் நீளக் கண்ணாடிக்குப் பின்னால் 1 மீட்டர் உயரத்துக்குக் கடல்நீர் நின்றால் அது ஏறக்குறைய ஒன்றரை டன் விசையோடு தள்ளும். அதே கண்ணாடியில் உயரத்தை 2 மீட்டராக்கினால் மூன்று டன் வரும் என்று நினைப்போம், ஆனால் வருவது ஆறு டன். உயரம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு. அதற்கேற்பக் கண்ணாடியின் தடிமனும், ஒட்டின இடத்தின் கவலையும் ஏறிக்கொண்டே போகும்.

பெர்லினில் நடந்தது நினைவிருக்கும். ஒரு ஹோட்டல் நடுவே, உள்ளே லிஃப்ட் போய்வரும்படி அக்ரிலிக்கில் கட்டிய உருளைத் தொட்டி, பெயர் அக்வாடோம், 14 மீட்டர் உயரம், 10 லட்சம் லிட்டர் உப்புத்தண்ணீர். 2022 டிசம்பர் 16 அதிகாலை, ஆறு மணி ஆவதற்கு முன்னால், அப்படியே வெடித்துத் தெருவரை தண்ணீர் ஓடியது. உள்ளே இருந்தவை ஏறக்குறைய 1,500 மீன்கள், அவற்றில் பெரும்பகுதி செத்துப்போயின. அந்த நேரத்தில் கீழே ஆள் நடமாட்டம் இல்லாததால் இருவருக்குக் காயம் என்பதோடு போயிற்று. பிறகு வந்த நிபுணர் அறிக்கையாலும் இதுதான் காரணம் என்று ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எவ்வளவு செலவழித்தாலும் ஒட்டுக்கு ஒரு வயது இருக்கிறது, 14 மீட்டர் தண்ணீர் இரவும் பகலும் அதன்மேல் சாய்ந்துகொண்டே இருக்கிறது என்பதுதான் அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது.

உயரமான தொட்டி வளர்ப்பவனுக்கும் நல்லதில்லை. என் கை தோளிலிருந்து விரல் நுனி வரை எழுபது சென்டிமீட்டர்தான். அதற்குக் கீழே ஒரு பவளம் சாய்ந்துவிட்டால், ஒரு மீன் செத்து இடுக்கில் கிடந்தால், எடுக்க ஆள் இறங்க வேண்டும். சான்ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா அகாடமி ஆஃப் சயின்ஸஸின் ஸ்டைன்ஹார்ட் அக்வேரியத்தில் பிலிப்பைன்ஸ் பவளப்பாறையைக் காட்டும் தொட்டி ஒன்று இருக்கிறது, எட்டு லட்சம் லிட்டர், 25 அடி ஆழம். பார்க்கப் பிரமாதம்தான். அவ்வளவு ஆழத்துக்கு வெளிச்சம் இறங்க எத்தனை விளக்கு, தினமும் மூழ்கிச் சுத்தம் செய்ய எத்தனை ஆள் என்று யோசியுங்கள். ஒரு நிறுவனம் அதைச் செய்யலாம். வீடு என்பது காலையில் காபி டம்ளரோடு வந்து குனிந்து பார்க்கிற இடம்.

அதனால் ஒரு மீட்டர். பாதி தரைக்குக் கீழே, பாதி மேலே. மூன்று பக்கம் அகலமான திண்ணைபோல விளிம்பு, உட்கார்ந்து மேலிருந்து பார்க்கலாம். நாலாவது பக்கம் மட்டும் குளத்துப் படித்துறை மாதிரி மூன்று படி கீழே இறங்கும், அங்கே ஒரு அக்ரிலிக் ஜன்னல், படியில் உட்கார்ந்தால் மீன் கண்ணுக்கு நேராக வரும். தரைத்தளத்தில், மண்ணின்மேல்தான் இதைக் கட்ட முடியும், மாடியில் வேண்டவே வேண்டாம். நம் ஊர்க் கட்டட விதிப்படி வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்கும்படிதான் வடிவமைக்கிறார்கள். ஒரு மீட்டர் கடல்நீர் மட்டுமே 1,025 கிலோ. கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி போட்டால் உப்பு உள்ளே இறங்கித் துருப்பிடித்து வெடிக்கும், ஆகவே ஃபைபர் கம்பி, உள்பக்கம் முழுக்க எஃப்ஆர்பி, அதாவது கண்ணாடியிழை கலந்த பிளாஸ்டிக் பூச்சு. மண்டபத்திலும் மற்ற கடற்கரை ஊர்களிலும் குஞ்சு பொரிப்பகங்களில் எஃப்ஆர்பி தொட்டிகளைத்தான் பார்ப்பீர்கள், உப்போடு சண்டைபோடாத பொருள் அது.

இப்போது வானத்துக்கு வருகிறேன். பவளம் வளர்க்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை தெரிந்திருக்க வேண்டும். 1961இல் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் தன் முறையை ஓர் அமெரிக்க மீன்வளர்ப்புப் பத்திரிகையில் எழுதினார். அந்தக் காலத்தில் மற்றவர்கள் உப்புத்தண்ணீர்த் தொட்டியை ஆஸ்பத்திரி மாதிரி வைத்திருந்தார்கள், வெளுத்த பவள எலும்புகள், மருந்து, வடிகட்டி. இவர் செய்தது சாதாரணம்: கடலிலிருந்து உயிரோடு கல்லை எடுத்துவந்தார், கடல்நீரையே ஊற்றினார், கொஞ்சம் காற்றுக்குமிழி விட்டார், வெயில் படவிட்டார். பவளம் வளர்ந்தது. அந்தக் கல்லின் துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் மீன்கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும், காற்றுப்புகாத உள்பகுதியில் இருப்பவை நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே விடும். வடிகட்டியே அந்தக் கல்தான்.

அப்புறம் எழுபது, எண்பதுகளில் பெர்லினில் இருந்த வளர்ப்பாளர்கள் இதே உயிர்க்கல்லை எடுத்துக்கொண்டார்கள், ஆனால் அவர்களிடம் வெயில் இல்லை. அதற்கு மெட்டல் ஹாலைடு விளக்கு வந்தது, தண்ணீரைச் சுத்தப்படுத்தப் புரோட்டீன் ஸ்கிம்மர் வந்தது. உலகம் முழுக்க இன்று நாம் பின்பற்றும் 'பெர்லின் முறை' அதுதான். குளிர்நாட்டு அறைக்குள் வெப்பமண்டலக் கடலை உண்டாக்கக் கண்டுபிடித்த உபகரணங்களை, வெயில் கொட்டுகிற நம் ஊரில், ஜன்னலை மூடித் திரைபோட்டு ஏசி போட்ட அறைக்குள் நாமும் அப்படியே மாட்டிக்கொண்டிருக்கிறோம். பூமத்தியரேகைக்கு ஆறு டிகிரி தெற்கே ஜகார்த்தா, பத்து டிகிரி வடக்கே காரைக்குடி. கணக்கில்லாத காசு கிடைத்தால் நான் வாங்க நினைக்கும் முதல் பொருள் அந்த வெயில்தான். ஹோனலூலுவில் வைகிகி அக்வேரியம் திறந்தவெளித் தொட்டிகளில் பவளங்களை வருடக்கணக்கில் வளர்த்துக் காட்டியிருக்கிறது, ஆகவே இது என் கற்பனை மட்டுமில்லை.

வெயில் இலவசம் என்று மட்டும் யாரும் நினைத்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு விழும் சூரிய ஆற்றல் சுமாராக 5 யூனிட், நாம் கரண்ட் பில்லில் பார்க்கும் அதே யூனிட். 15 சதுர மீட்டர் முற்றத்துக்கு 75 யூனிட், அத்தனையும் கடைசியில் சூடாகத் தண்ணீரில்தான் சேரும். உச்சிவெயில் பெரும்பாலான பவளங்களுக்குத் தேவையைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் நாற்றுப்பண்ணைகளில் கட்டுகிற மாதிரி நிழல்வலை ஒன்றை மோட்டாரில் இழுத்துவிடும்படி வைக்கலாம், பாதி குறையும். மிச்சம் 37 யூனிட் வெப்பம். தண்ணீரைக் குளிர்விக்கும் நல்ல சில்லர் ஒரு யூனிட் மின்சாரம் தின்று மூன்று யூனிட் வெப்பத்தை வெளியே தள்ளும், ஆக 12, 13 யூனிட். மே மாதத்துக் காற்றின் சூடும் பம்ப்புகளின் சூடும் இதற்குமேல். அதே இடத்துக்கு எல்இடி போட்டால் சதுர மீட்டருக்கு 200 வாட் வைத்தாலும் 3 கிலோவாட், பத்து மணி நேரத்துக்கு 30 யூனிட், அதிலும் பெரும்பகுதி சூடாகத்தான் போகும். கணக்கில் வெயில் ஜெயிக்கிறது, ஆனால் நான் அதற்காகக் கேட்கவில்லை. சூரியன் ஒரே ஒரு புள்ளியிலிருந்து வருவதால் அலை அசைய அசைய மணலில் ஒளிக்கோடுகள் வலைபோல ஓடும். காலைச் சாய்வு வெளிச்சத்தில் ஒரு நிறம், பதினொரு மணிக்கு ஒரு நிறம், மேகம் கடக்கும்போது மீன்கள் சட்டென்று கல்லோரம் ஒதுங்கும். ராத்திரியில் நிஜ நிலா. பல பவளங்கள் பௌர்ணமியை ஒட்டித்தான் முட்டையிடுகின்றன, அவற்றுக்கு நிலா வெளிச்சம் ஒரு நாள்காட்டி.

செட்டிநாட்டு முற்றம் மழையை வாங்குவதற்கென்றே கட்டப்பட்டது, நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் அதில்தான் இறங்கும். உப்புத்தண்ணீருக்கு அதுதான் எமன். ஐப்பசியில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் முற்றத்தில் மட்டும் 1,500 லிட்டர் நன்னீர் விழுகிறது, லிட்டருக்கு 35 கிராம் இருந்த உப்பு 32க்கு இறங்கிவிடும். மீன் ஒருவேளை தாங்கும், பவளத்துக்கும் இறாலுக்கும் இப்படித் திடீரென்று இறங்குவது ஆகாது. அதனால் கூரை ஓட்டத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டு, மேலே மழைச் சென்சார் வைத்த, நகரும் கண்ணாடிக் கூரை. இந்தத் திட்டத்தில் ஒற்றைப் பொருளாக அதிகச் செலவு இழுக்கப்போவது இந்தக் கூரைதான், அதில் ஒரு ரூபாய்கூடக் குறைக்க மாட்டேன்.

உப்பு ஏறுவது இன்னொரு பக்கம். தினமும் நாலு மில்லிமீட்டர் ஆவியானால் 60 லிட்டர். ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பு அங்கேயே தங்கிவிடும், ஆகவே போனதை நன்னீரால் ஈடுகட்ட வேண்டும், உப்புநீரால் இல்லை. புதிதாக ஆரம்பிப்பவர்கள் இதில்தான் குழம்புகிறார்கள். அந்த நன்னீரும் போர் தண்ணீராக இருக்க முடியாது. ஆர்ஓ, அதற்குப் பிறகு அயனிகளை நீக்கும் ரெசின், டிடிஎஸ் மீட்டரில் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். இதைத் தானாக நிரப்ப ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் வைப்பார்கள், இருநூறு ரூபாய்ச் சாமான். அதன்மேல் ஒரு நத்தை உட்கார்ந்து ஸ்விட்ச் சிக்கிக்கொண்டால் ராத்திரி முழுக்க நன்னீர் ஓடி விடியும்போது தொட்டி முடிந்திருக்கும். லட்சக்கணக்கில் கொட்டிய தொட்டிகள் இப்படித்தான் போகின்றன. இதற்கு விலையுயர்ந்த தீர்வு ஒன்றும் வேண்டாம்: நிரப்பும் டிரம்மே 300 லிட்டருக்குமேல் பிடிக்காததாக இருந்தால், மொத்தமும் கொட்டினாலும் இரண்டு சதவீதம்கூட மாறாது.

முற்றத்துக்குப் பின்னால் ஓர் அறை. சொல்லப்போனால் காசு கொட்டுகிற இடம் அதுதான், விருந்தாளி பார்க்காத இடமும் அதுதான். முற்றத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே கட்டுவேன். தரை முழுக்கச் சரிவு, நடுவில் வடிகால், சுவரில் உப்புப் பூக்காதபடி எபாக்சி, எல்லா மின்இணைப்பும் தலைக்கு மேலே. அங்கே 4,000 லிட்டர் சம்ப். வீட்டில் நாம் சொல்லும் சம்ப் போலத்தான், தொட்டியின் விளிம்பில் வழியும் தண்ணீர் இங்கே வந்து, சுத்தமாகி, பம்ப் வழியாகத் திரும்ப மேலே போகும். கரண்ட் போனால் மேலே இருக்கும் தண்ணீரில் இரண்டு சென்டிமீட்டராவது வழிந்து கீழே வரும், அது 300 லிட்டர், அதற்கு சம்ப்பில் எப்போதும் இடம் காலியாக இருக்க வேண்டும்.

ஸ்கிம்மரைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்கரையில் அலை உடையும் இடத்தில் மஞ்சளாய் நுரை ஒதுங்கி நிற்கும் இல்லையா, அதே விஷயத்தை ஒரு குழாய்க்குள் செய்வதுதான் ஸ்கிம்மர். தண்ணீரில் கரைந்திருக்கும் கழிவுகளில் பலவற்றின் ஒரு முனை தண்ணீரை விட்டு விலகப் பார்க்கும், காற்றுக்குமிழி கிடைத்தால் அதன் மேல்தோலில் போய் ஒட்டிக்கொள்ளும். கோடிக்கணக்கான பொடிக்குமிழிகளை விட்டால் அவை கழிவைச் சுமந்துகொண்டு மேலேறி ஒரு கிண்ணத்தில் கொட்டும். காலையில் அந்தக் கிண்ணத்தைத் திறந்தால் ஃபில்டர் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு திரவம், நாற்றம் சொல்லி மாளாது. அது அழுகி நைட்ரேட்டாக மாறுவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டது என்ற நிம்மதிக்காக அந்த நாற்றத்தைச் சந்தோஷமாகப் பொறுத்துக்கொள்ளலாம்.

அடுத்த தொட்டி ரெஃப்யூஜியம், பாசி வளரும் அறை. நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தின்று பாசி வளரும், வாரம் ஒருமுறை கைநிறையப் பிடுங்கி எறிந்தால் அவ்வளவு கழிவு வெளியேறியது என்று அர்த்தம். மீன் நுழைய முடியாத அந்த இடத்தில் கோப்பிபாட் எனும் பொடி உயிரிகள் பெருகி, தண்ணீரோடு போய் முற்றத்து மீன்களுக்கு இரையாகும். பெரிய தொட்டிக்கு இது வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அந்த அறையில் எல்லாமே இரண்டு. இரண்டு ரிட்டர்ன் பம்ப், இரண்டு சில்லர், ஒவ்வொன்றும் தனியாகவே முழுத் தொட்டியையும் தாங்கும் அளவில். ஏன் இவ்வளவு பயம் என்று கேட்டால் 2016 டிசம்பர் 12ஐச் சொல்வேன். வர்தா புயல் சென்னையைக் கடந்த நாள். அப்போது வாடகை வீட்டில் எனக்கு 300 லிட்டர் தொட்டி இருந்தது, மூன்று வருடம் ஆன தொட்டி. மதியம் கரண்ட் போனது, இன்வெர்ட்டரில் ஒரு சின்ன பம்ப்பை மட்டும் ஓடவிட்டேன், ராத்திரி எட்டு மணிக்கு அதுவும் நின்றது. உப்புத்தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் ஏற்கெனவே நன்னீரைவிடக் குறைவு, இருட்டில் பாசியும் பவளமும் ஆக்சிஜனைத் தராமல் எடுத்துக்கொள்ளும், கல்லில் இருக்கும் பாக்டீரியாவும் அதையேதான் கேட்கும். மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு பிளாஸ்டிக் மக்கால் தண்ணீரை மொண்டு ஓர் அடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். பத்து நிமிடம் ஊற்றுவேன், கை வலித்து உட்கார்வேன், மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும், எழுந்து மறுபடி ஊற்றுவேன். விடியற்காலை நாலு மணிக்கு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். எழுந்தபோது தண்ணீர் பால் கலந்ததுபோல இருந்தது. கோமாளி மீன் ஜோடி மட்டும் மேல்விளிம்பில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, பிழைத்தும் கொண்டது. மற்றதெல்லாம் போய்விட்டது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது நாலாம் நாள். அதனால் இந்த வீட்டில் ஜெனரேட்டர் ஒன்று, அது ஸ்டார்ட் ஆகாவிட்டால் இன்னொன்று, இரண்டும் தகராறு செய்தால் காற்று பம்ப்புகளை மட்டும் ஒரு வாரம் ஓட்டக்கூடிய பேட்டரி வரிசை, கூரையில் சோலார். அந்த மக்கை இன்னும் வைத்திருக்கிறேன்.

அலைக்கு நவீன வேவ்மேக்கர்கள் இருக்கட்டும், ஆனால் எனக்கு ஆசை கார்ல்சன் முறை. வைகிகியில் இருந்த புரூஸ் கார்ல்சன் பிரபலப்படுத்தியது. உயரத்தில் ஒரு தொட்டி, அதில் தண்ணீர் மெதுவாக நிரம்பும், ஒரு மட்டம் வந்ததும் வளைந்த குழாய் வழியாகச் சைஃபன் பிடித்து முழுக்க ஒரே மூச்சில் கொட்டிவிட்டு நிற்கும், மறுபடி நிரம்ப ஆரம்பிக்கும். சுழலும் பாகம் ஒன்றுகூட இல்லை. 500 லிட்டர் ஒரேயடியாக முற்றத்தின் ஒரு ஓரத்தில் விழுந்தால் மென்பவளங்கள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து, தயங்கி, திரும்பும். ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை வீட்டுக்குள் அலைச்சத்தம். சிலருக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும், எனக்கு இல்லை.

தண்ணீரின் குணம் மாறக்கூடாது, அவ்வளவுதான் வேதியியல். இயற்கைக் கடல்நீரில் கால்சியம் லிட்டருக்கு 410 மில்லிகிராம், மெக்னீசியம் 1,290 அளவில், காரத்தன்மை அதற்குரிய அளவில் 7 டிகிரி, வெப்பம் 26 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில். எண் கொஞ்சம் முன்னபின்ன இருந்தால்கூடப் பவளம் பழகிக்கொள்ளும், இன்றைக்கு 7, நாளைக்கு 10 என்று ஆடினால்தான் நுனியிலிருந்து தோல் உரிய ஆரம்பிக்கும். தினமும் ஒரே நேரத்தில் அளந்து அதற்கேற்ப மருந்துவிடும் கருவிகள் இருக்கின்றன, வாங்கலாம். மாதம் 1,500 லிட்டர் தண்ணீர் மாற்ற 52 கிலோ உப்பு வேண்டும். பக்கத்தில் தொண்டியில் கடல் இருக்கிறதே, டேங்கரில் கொண்டுவரலாமே என்று கேட்பார்கள். பாக் விரிகுடா ஆழமில்லாத, கலங்கலான கடல், மழைக்காலத்தில் என்ன வந்து கலந்திருக்கிறது என்று தெரியாது. நான் உப்புக்கலவையையே நம்புவேன்.

உள்ளே என்ன வைப்பது என்பதில் காசு செல்லாத இடம் ஒன்று வருகிறது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி முருகைக்கல், அதாவது பவளப்பாறை இருக்கிறது, 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவானது. அதற்கு முன்னும் பின்னும் பல பத்தாண்டுகள் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் அந்தக் கல்லை வெட்டி எடுத்தார்கள், பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 2001இல் பாறை கட்டும் பவளங்கள் எல்லாமும், கடல்விசிறிகளும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன, புலிக்கும் யானைக்கும் இருக்கும் அதே பாதுகாப்பு. நம் கடலிலிருந்து ஒரு துண்டு எடுப்பதும் விற்பதும் குற்றம். "நல்ல பீஸ் இருக்கு சார், ராமேஸ்வரம் சரக்கு" என்று ஒரு கடையில் என்னிடமே வாளியைத் திறந்து காட்டியிருக்கிறார்கள். கொம்புக்கொம்பாக ஒரு பவளம், நுனிகள் இன்னும் ஊதா நிறத்தில், அடியில் உளியால் உடைத்த வெள்ளைத் தடம். வாங்காமல் வந்துவிட்டேன், ஆனால் அந்த வெள்ளைத் தடம் கண்ணிலேயே நிற்கிறது.

எனவே என் முற்றத்தில் கல் முழுக்கச் செயற்கை. சிமெண்ட், பொடித்த சிப்பி, கொஞ்சம் கல்லுப்பு சேர்த்துக் குகையும் வளைவுமாக வார்த்து, உப்பு கரைந்து துளைவிழ, காரம் இறங்கும்வரை இரண்டு மாதம் தண்ணீரில் ஊறப்போடுவது. மேலே பண்ணையில் வெட்டி வளர்த்த மென்பவளங்கள் மட்டும்: காளான் வடிவ லெதர் பவளம், சின்னப் பூக்கள்போல நெருங்கி விரியும் சோவாந்திட் கூட்டங்கள். கல்பவளத்தின் மிடுக்கு இவற்றுக்கு இல்லை என்பார்கள். வெயிலில் ஒரு லெதர் பவளம் அரை மீட்டர் அகலத்துக்கு விரிந்து அலையில் ஆடுவதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மீனிலும் அதே பிடிவாதம்தான். காசு இருப்பவர்கள் தேடும் மீன் ஒன்று உண்டு, பெப்பர்மின்ட் ஏஞ்சல், சிவப்பும் வெள்ளையுமாய்க் கோடு போட்டது. குக் தீவுகளின் ராரோடோங்காவுக்கு அப்பால் சாதாரண ஸ்கூபா எட்டாத ஆழத்தில் வாழ்கிறது, 1992இல்தான் அறிவியல் பெயரே வைத்தார்கள். அதைப் பிடிக்க ஒருவர் உயிரைப் பணயம் வைத்து இறங்க வேண்டும். எனக்கு வேண்டாம். மஞ்சள் டேங் மீனை ஹவாயில் ஓஷியானிக் இன்ஸ்டிட்யூட் 2015இல் தொட்டியிலேயே முட்டையிலிருந்து வளர்த்துவிட்டது, அடுத்த வருடம் ஃபுளோரிடாவில் நீல டேங்கையும். பண்ணையில் பிறந்த மஞ்சள் டேங் ஏழெட்டு, வெயிலில் அவை திரும்பும்போது எலுமிச்சம்பழம் உருண்டோடுவது மாதிரி இருக்கும். கோமாளி மீனை நம் மத்திய கடல்மீன்வள ஆராய்ச்சி நிறுவனமே மண்டபத்தில் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறது, அதனால் அதற்குக் கடலைத் தொடவே வேண்டாம். கோமாளி மீன் குடியிருப்பது கடல் சாமந்தி என்ற, பூப்போல விரியும் உயிரியில்; ஒரு சாமந்தியில் ஆறு கோமாளி இருந்தால் பெரியது பெண், அடுத்தது ஆண், மற்றவை சும்மா காத்திருப்பவை. பெண் செத்தால் அந்த ஆணே பெண்ணாக மாறிவிடும், வரிசையில் அடுத்தது ஆணாகும். படியில் உட்கார்ந்து அந்தக் குடும்ப அரசியலைப் பார்க்க ஒரு சாயங்காலம் போதாது.

வீட்டில் சில கட்டுப்பாடுகள் வரும். கொசுவத்தி, கொசு மருந்து, பூச்சி ஸ்ப்ரே எதுவும் அந்தப் பக்கம் கூடாது, இறாலுக்கு அது நேரடி விஷம். தண்ணீருக்கு மேலே பித்தளை விளக்கோ செம்புப் பாத்திரமோ கூடாது, துளி செம்பு கரைந்தாலும் நத்தையும் சாமந்தியும் போய்விடும். குழந்தைகள் பொரி போடுவார்கள், பெரியவர்கள் வேண்டிக்கொண்டு காசு போடுவார்கள், இரண்டையும் அன்பாகத் தடுக்க வேண்டும். பார்த்துக்கொள்ள நல்ல சம்பளத்தில் ஒரு முழுநேர ஆள், அவர் லீவில் போனால் இன்னொருவர்.

காசால் வேகப்படுத்த முடியாதது நாள் மட்டும்தான். தண்ணீர் நிரப்பி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியமாக ஒன்று, ஒன்றரை மாதம். அப்புறம் எல்லாவற்றின் மேலும் பழுப்பாக ஒரு படலம் வரும், அது போனால் பச்சை மயிர்ப்பாசி வரும், பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள், நத்தைகளை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். மூன்றாம் மாதம் முதல் மென்பவளங்கள், ஆறாம் மாதம் கோமாளிகள், அவை ஒவ்வொன்றும் தனித்தொட்டியில் ஒரு மாதமாவது நோய்க்காகக் காத்திருந்த பிறகு. டேங் மீன்கள் சண்டைக்காரர்கள் என்பதால் அவை எல்லாவற்றையும் ஒரே நாளில், கடைசிக்குப் பக்கத்தில் விட வேண்டும்.

எல்லாம் முடிந்து, ஒரு வருடம் தாண்டி, ரெஃப்யூஜியத்தில் கோப்பிபாட் கண்ணுக்குத் தெரியும் அளவு மொய்க்கும்போது ஒரு ஜோடி மாண்டரின் மீன். விரல் நீளம்தான், நீலமும் ஆரஞ்சும் குழைத்துக் கோலம் போட்ட உடம்பு. பகலெல்லாம் கல்லிடுக்கில் ஒவ்வொரு கோப்பிபாடாகப் பொறுக்கித் தின்று திரியும், இளம் தொட்டியில் விட்டால் மெலிந்து செத்துப்போகும், அதனால்தான் இவ்வளவு காத்திருப்பது. சூரியன் இறங்கி முற்றம் சாம்பல் நிறமாகும் அந்தக் கால் மணி நேரத்தில் ஆணும் பெண்ணும் கல்லிடுக்கிலிருந்து வெளியே வரும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்ல மேலே எழும்பும், தண்ணீரின் நடுவில் ஒரு கணம் நிற்கும், புகைபோல முட்டைகள் கலையும், இரண்டும் அம்புபோலக் கீழே பாய்ந்து மறைந்துவிடும். விளக்கு ஒன்று எரிந்தால்கூட அன்றைக்கு அவை வராது. அதனால் அந்தி சாய்ந்துவிட்டால் தாழ்வாரத்து ஸ்விட்சை யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்துவிடுவேன்.